சேலம் கோட்டையில் ஒரு மெட்ராஸ் டெரஸ் வீடு: உதவி தேவை

வணக்கம். தேக்கு உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய காலத் தட்டைக் கூரைதான் மெட்ராஸ் டெரஸ். அப்படிக் கூரை போட்ட இந்த வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கக் கேட்டு, 2012-ஆம் ஆண்டு தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டப்படி மனு தயாராகிறது. ‘ரொம்பப் பழசு’ என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. டவுன் சர்வே எண், மூலப்பத்திர நகல், நாலு பக்கப் படம், அளவு போட்ட வரைபடம் எல்லாம் வேண்டும். முன்திண்ணை தெரியும் பழைய கல்யாணப் படம் யாரிடமாவது இருக்கிறதா? வீட்டின் வயதுக்கு அது கல்வெட்டு போலச் சாட்சி சொல்லும்!

இன்னொன்று அவசரம். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லை. அடியில் உப்புப் பூத்து, தொட்டாலே காரை உதிர்கிறது. தேக்கு உத்திரம் சுவரில் ஏறும் முனையும் மெத்தென்றிருக்கிறது. சிமென்ட்டை உளியால் பதமாகக் கொத்தியெடுத்து, மறுபடி சுண்ணாம்பே பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். ஏற்காட்டுப் பழைய பங்களாக்களில் வேலை பார்த்தவர் என்றால் இன்னும் நல்லது. டிரில் மெஷின்காரர்கள் வேண்டவே வேண்டாம்.