டெல்டாவில் இபி இணைப்பே வேண்டாம், சோலார் போதுமா?

வெண்ணாற்றங்கரை:
நார்வே மாதிரிக் குளிர் நாட்டிலேயே கரண்ட் கம்பி இல்லாமல் சோலாரில் குடும்பம் நடத்துகிறார்கள். வெயில் கொட்டிக் கிடக்கும் நம் பக்கம் ஏன் முடியாது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. மன்னார்குடிக்குத் தெற்கே வீடு கட்டப் போகிறேன். இபிக்கு மனுவே போடுவதாக இல்லை.

வேதாரண்யத்தான்:
கஜா கம்பத்தை மட்டுமா சாய்த்தது? கூரை ஓடுகளையும் தகரத்தையும் பிய்த்துக்கொண்டு போனதே. பேனலை மட்டும் விட்டுவிடுமா? எங்கள் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு போல்ட் சீக்கிரமே செதில் செதிலாக உரிந்துவிடும். புயல் வருகிற அன்று அந்த போல்ட்டை நம்பித்தான் பேனல் நிற்க வேண்டும்.

காசுக் கணக்கும் இருக்கிறது. இணைப்பு இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போச்சு. மத்திய அரசின் சூர்ய கர் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதுவும் இபியோடு இணைந்த சோலாருக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஐப்பசி, கார்த்திகை அடைமழை. நாள்கணக்கில் மேகமூட்டம் போட்டால் வழக்கமான உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது.

பட்டுக்கோட்டை டு ஆஸ்லோ:
நார்வே பேச்சு வந்ததால் சொல்கிறேன். இங்கே பெரும்பாலும் நீர்மின்சாரம்தான். எல்லா ஊருக்கும் கம்பி வந்துவிட்டது. சோலாரை மட்டும் நம்பியிருப்பவை முக்கியமாக மலையிலும் காட்டிலும் உள்ள விடுமுறைக் குடில்கள். டிசம்பரில் தலைநகர் ஆஸ்லோவிலேயே பகல் ஆறு மணி நேரம்தான். சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் மேலே ஏறாது. வடக்கே திரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை உதிப்பதே இல்லை. அப்போது எத்தனை பேனல் வைத்தாலும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். அதனால் குடில்களில் சூட்டுக்கு விறகு அடுப்பு, சமையலுக்கு கேஸ், பேட்டரிக்கு ஜெனரேட்டர். பனி சறுக்கி விழவும் தாழ்ந்த வெயில் படவும் பேனலைக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிறுத்துவார்கள். லித்தியம் பேட்டரி உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். அதற்கும் வெதுவெதுப்பான இடம் வேண்டும்.

ஆனால் ஒன்று. மார்கழியிலும் நம் ஊரில் பதினொன்றரை மணி நேரப் பகல். வீட்டைச் சூடாக்கும் செலவும் கிடையாது. இங்குள்ளவர்களின் சிக்கல் மாதக்கணக்கில், நம்முடையது நாள்கணக்கில்.

வெண்ணாற்றங்கரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். என் கணக்கு இது. குறைந்த வாட் ஃபேன் மூன்று, ஃப்ரிட்ஜ், விளக்கு, டிவி எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 யூனிட். கிலோவாட்டுக்கு சராசரி 4 யூனிட் என்றால் 4 கிலோவாட் பேனல் வெயில் நாளில் 16 யூனிட் தரும். மேகமூட்டத்தில் ஐந்தில் ஒன்று என்றாலும் 3 யூனிட்டுக்கு மேல். பேட்டரியைக் கூட்டுவதை விடப் பேனலைக் கூட்டுவது மலிவு. மாவு அரைப்பது, துணி துவைப்பது எல்லாம் உச்சி வெயிலில். வயலுக்குத் தனி சோலார் பம்ப்செட். அதற்கு பேட்டரியே தேவையில்லை, வெயில் இருக்கும்போது தண்ணீர் இறைத்தால் போதும்.

வேதாரண்யத்தான்:
மழை விட்டு விட்டுப் பெய்தால் உங்கள் கணக்கு சரி. புயல் சின்னம் உருவாகி, பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டினால் பத்தில் ஒன்றுகூட வராது. வீட்டில் பெரியவர்களுக்கு இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கும். நான்காவது நாள் என்ன செய்வீர்கள்? இபியும் இருக்கட்டும், ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (இபி, சோலார், பேட்டரி மூன்றையும் சேர்த்து ஓட்டுவது) பேட்டரியும் இருக்கட்டும் என்கிறேன். பேட்டரி இல்லாமல் இபியோடு மட்டும் இணைந்த வெறும் ஆன்-கிரிட் சோலார் வேண்டாம். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனின் உயிருக்காக, இபி போனதும் அதுவும் நின்றுவிடும். கஜா மாதிரி நாளில் உச்சி வெயில் அடித்தாலும் வீடு இருட்டுதான்.

வெண்ணாற்றங்கரை:
நான்காவது நாள் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும். அதற்கு நாளுக்கு ஒரு யூனிட் போதும். 5 யூனிட் லித்தியம் பேட்டரி தாங்கும். அதற்கும் மேலே போனால் சின்ன ஜெனரேட்டர். ஹைப்ரிட் நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் என் மனைக்குக் கம்பி வர வயல் நடுவே பல கம்பம் நட வேண்டும். அடுத்த புயலில் முதலில் விழப்போவதும் அவைதான்.

வேதாரண்யத்தான்:
கம்பம் விழுந்தால் அரசு நட்டுத் தரும், தாமதமானாலும். பேனல் விழுந்தால் உங்கள் கைக்காசு. மாடியில் காங்கிரீட் கட்டையோடு, துத்தநாகம் பூசிய கால்வனைஸ் இரும்புச் சட்டம் போடுங்கள், இன்சூரன்ஸும் எடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்து மொத்தக் கணக்கை இங்கே போடுங்கள், பார்ப்போம்.