கண் திறக்காத மண் குதிரை

தங்கள் மண்ணின் கதையைத் தாங்களே படமாக எடுக்கிறவர்களின் படத்தை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன கோடை விடுமுறையில், கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊர் வீட்டு வளவில் ஒரு வேட்டியைக் கட்டி, பிள்ளைகளுக்குப் பொம்மை அனிமேஷன் ஒன்றைப் போட்டேன். கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களில் ஒருவரான ஜகாரியஸ் குனுக் 2021இல் எடுத்தது. இருபது நிமிடம்தான். சாமியாடியாகப் பழகும் ஓர் இளம்பெண், ஊரில் ஒருவருக்கு ஏன் நோய் வந்தது என்று கேட்க நிலத்துக்கு அடியில் இறங்கிப் போகிறாள்.

அப்பத்தா தூணில் சாய்ந்து கொட்டான் பின்னிக்கொண்டிருந்தார். படத்தின் மொழி இனுக்டிடுட். கீழே ஓடிய ஆங்கில எழுத்தும் அவருக்குப் படிக்க வராது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கையில் ஓலை நின்றுவிட்டது. “குறி கேக்கப் போறாக. பழகுற புள்ளைல்ல, பயந்துக்கிட்டே போகுது” என்றார். கதையை அவருக்கு நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று இரவே குனுக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். அவருடைய ஊர் இக்லூலிக். 1975இலும் 1979இலும் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தொலைக்காட்சியே வேண்டாம் என்றிருக்கிறார்கள். அதில் தங்கள் மொழி இல்லை என்பதுதான் காரணம். இனுயிட் மக்களே நிகழ்ச்சி தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான், 1980களில், உள்ளே விட்டார்கள். குனுக் கல்லில் சிற்பம் செதுக்குகிறவர். 1981இல் சிற்பங்களை விற்று வீடியோ கேமரா வாங்கினார். 1990இல் நண்பர்களோடு ‘இசுமா’ நிறுவனத்தைத் தொடங்கினார். முழுக்க இனுக்டிடுட்டில் எடுத்த அவருடைய ‘அத்தனர்ஜுவாட்’ 2001இல் கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதை வாங்கியது. விருதைவிட, வேண்டாம் என்று சொல்லிக் காத்திருந்த அந்த ஊர்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

அக்கா, எங்கள் ஐயா காலத்து வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுவதுண்டு. ஒருமுறை ஒரு தொடருக்குக் கல்யாணக் காட்சி எடுக்க வந்தார்கள். நான் வெளியே போய்த் திரும்புவதற்குள், முன்னோர் துணி வைத்திருக்கும் படைப்புப் பேழையை இழுத்துவந்து அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். ஆத்தா அழுதுவிட்டார். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. 1947இல் வந்த ‘நாம் இருவர்’ காரைக்குடியில் எடுத்த படம். மெய்யப்பச் செட்டியாரின் ஸ்டுடியோ அப்போது இங்கேதான் இருந்தது, அப்புறம் கோடம்பாக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் தூணும் தரையும் எத்தனையோ படத்தில் வந்துவிட்டன. முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டுக் கதையை எங்கள் பிள்ளைகளில் ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் கண்ணை மூட வேண்டும்.

இன்னொருவர்:

அக்கா, நாங்கள் வேளார் வீடு. அய்யனார் கோயிலுக்குப் புரவி, அதாவது மண் குதிரை, செய்கிறவர்கள். திருவிழாவில் அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவதைத்தான் எடுப்பு என்போம். என் அக்கா பிள்ளைகள் செல்போனை வைத்து மண் குதிரையை ஓட வைக்கப் பார்த்தார்கள். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்துக்கும் குதிரையின் காலை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும். மின்விசிறிக் காற்றில் மண் காய்ந்து தொடை வெடித்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்றாம் நாள் தாத்தா வந்து பார்த்தார். விசிறியை நிறுத்தச் சொன்னார். ராத்திரி ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொன்னார். காலுக்குள் கம்பி வைத்ததும் அவர் யோசனைதான். அதோடு வேலை ஓட ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் சின்னவள் குதிரைக்குக் கண் எழுத மை எடுத்தாள். தாத்தா அவள் கையைப் பிடித்துவிட்டார். “கண்ணு தொறக்குறது எடுப்பு அன்னைக்குத்தான். வெளையாட்டுக்குத் தொறக்கக் கூடாது தாயி.” பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. குதிரை கண்ணைத் திறந்து எழுந்து ஓடுவதுதான் அவர்கள் கதையே. ரொம்ப நேரம் பேசிவிட்டு அவளே சொன்னாள்: கண் இல்லாமலே ஓடட்டும், கோயில் வாசலில் போய் நிற்கட்டும், அங்கே திரை இருட்டாகி மேளச் சத்தம் மட்டும் கேட்கட்டும். அப்படியே எடுத்தார்கள். மொத்தம் நாற்பது விநாடி. முதலில் யோசித்ததைவிட இதுதான் நல்ல கதை என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தா நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

தம்பி, நீங்கள் எழுதியதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் எழுதாமல் விட்டார்களா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அப்புறம், “அந்தப் புள்ளைகளையும் வேளாரையும் வரச் சொல்லு, நம்ம வளவுல போட்டுப் பாப்போம்” என்றார். வேட்டியைத் துவைத்து வைத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை தோதுப்படுமா?