தாத்தாவின் டிரங்குப் பெட்டி

குழு: வடலூர் வீடு

அப்பா: பரணைச் சுத்தம் செய்து முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெள்ளை அடித்துவிடலாம். டிரங்குப் பெட்டி நிறைய அப்பாவின் புத்தகங்கள். பேப்பர்காரர் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறார். கிலோ பன்னிரண்டு ரூபாய்.

அம்மா: இலை எத்தனை சொல்வது? நூற்று இருபது போதுமா?

மல்லிகா அத்தை: நூற்றைம்பது சொல்லிவிடு சாந்தி. கட்சிக்காரர்கள் வருவார்கள்.

பெரியப்பா: ரவி, பேப்பர்காரரை வர வேண்டாம் என்று சொல். இப்போதே சொல்.

அப்பா: கரையான் தின்றது போக மிச்சம்தான் இருக்கிறது அண்ணா. யார் வீட்டில் வைத்துக்கொள்வது?

பெரியப்பா: என் வீட்டில். கயல், பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பு அம்மா.

கயல்: [படம்] [படம்] [படம்]

கயல்: மேலே எல்லாம் சோவியத் நாடு இதழ்கள். அடியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். மேலட்டையைத்தான் கரையான் தின்றிருக்கிறது, தையல் ஒன்றுகூட விடவில்லை. ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாஸ்கோ முகவரி இருக்கிறது. எண் 17, சுபோவ்ஸ்கி புல்வார். மொழிபெயர்ப்பு எப்படி இருக்கிறது என்று வாசகர்கள் எழுத வேண்டுமாம்.

மல்லிகா அத்தை: சோவியத் நாடு தாளில்தான் எங்கள் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போடுவோம். வகுப்பிலேயே எங்கள் நோட்டுதான் பளபளவென்று இருக்கும். டிராக்டர் ஓட்டும் பெண் படம் எப்போதும் கணக்கு நோட்டுக்கு.

அப்பா: எனக்கு ராக்கெட் படம்.

மல்லிகா அத்தை: ராக்கெட் படம் என்னுடையது. நீ அழுது வாங்கிக்கொண்டாய்.

அம்மா: ஐயரிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அதை யாரும் சொல்லவே இல்லை.

அப்பா: படத்திறப்பு மட்டும் போதும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மல்லிகா அத்தை: அம்மா இருந்திருந்தால் விட்டிருப்பாளா? காரியம் இல்லாமல் பதினாறாம் நாளா?

சரவணன் மாமா: காலையில் வீட்டோடு காரியம், பதினொரு மணிக்குப் படத்திறப்பு. இரண்டும் நடக்கட்டும்.

அப்பா: அண்ணன் என்ன சொல்கிறார்?

கயல்: பெரியப்பா, நான் ஒன்று கேட்கிறேன். பனிப்போர் என்று படித்திருக்கிறேன். அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றின் மீது ஒன்று படை எடுக்கவே இல்லை. அப்படியிருக்க நம் வீட்டுப் பரணுக்கு இவ்வளவும் எப்படி வந்தன?

பெரியப்பா: நல்ல கேள்வி கேட்டாய். பொறுமையாகப் படி. இரண்டு பேரிடமும் அணுகுண்டு இருந்தது. நேருக்கு நேர் மோதினால் இருவருமே மிஞ்ச மாட்டார்கள். அதனால் மற்றவர் மண்ணில் மோதினார்கள். கொரியா, வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் ஏழைகள். போர் நடக்காத நாடுகளில் போட்டி வேறு மாதிரி. யார் அணை கட்டித் தருவது, யார் உருக்காலை கட்டித் தருவது, யார் சோறு போடுவது, யார் புத்தகம் கொடுப்பது. இந்தியா எந்த அணியிலும் சேரவில்லை. அதனால் இரண்டு பேரும் நம் வாசலுக்கு வந்தார்கள்.

பெரியப்பா: உன் தாத்தா வேலை பார்த்த நெய்வேலியையே எடுத்துக்கொள். முதல் சுரங்கத்தில் மண்ணை வாரிய பெரிய சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே எடுத்த பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தந்த அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. முதல் அலகு 1962இல் ஓடியது. நெய்வேலியில் நிலக்கரிப் படிவம் வெளியே தெரிந்தது 1961 ஆகஸ்டில். அதே ஆகஸ்டில்தான் பெர்லினில் சுவர் எழுப்பினார்கள். அங்கே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் இங்கே ஒரே குழியின் நிலக்கரிக்கு வேலை செய்தார்கள். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

அம்மா: வெள்ளை அடிப்பவர் முன்பணம் கேட்கிறார்.

இளங்கோ அண்ணன்: பெரியப்பா, இங்கே பெர்லினில் சுவர் நின்ற தடத்தில் இரண்டு வரிசைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். சாலையின் குறுக்கே போகும், நடைபாதையில் ஏறும், சில இடங்களில் கட்டிடத்தில் முட்டி நிற்கும். நடுநடுவே 1961–1989 என்று உலோகத் தகடு. தினமும் வேலைக்குப் போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

சரவணன் மாமா: மச்சான், சுவர் எழுப்பியது யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கிழக்கிலிருந்து மேற்கே ஓடியவர்களைத் தடுக்கத்தான் சுவர். 1956இல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கி போனது. 1968இல் பிராக் நகருக்குள் போனது. என் அப்பா இதைக் கேட்டபோது மாமா பதிலே சொல்லவில்லை.

பெரியப்பா: உண்மைதான் மாப்பிள்ளை. மறைக்கவில்லை. அப்பா அதற்கு ஒருநாளும் நியாயம் பேசியதில்லை, வாய் மூடி இருந்தார். அது அவர் குறை. அமெரிக்கா பக்கமும் பார்க்க வேண்டும். 1953இல் ஈரானில், 1954இல் குவாத்தமாலாவில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிகளைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவுத்துறைக்குக் கை உண்டு.

சரவணன் மாமா: மறுக்கவில்லை. உங்கள் அப்பாவும் என் அப்பாவும் எங்கள் திருமணப் பந்தியிலேயே இதைத்தான் பேசினார்கள்.

மல்லிகா அத்தை: ரசம் ஆறிப்போயிற்று. எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கயல்: [படம்]

கயல்: இது என்ன? புத்தகங்களுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது. கெட்டித் துணி. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது போல ஒரு முத்திரை. மேலே நட்சத்திரம், கோடு. ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, பாதி அழிந்துவிட்டது. மூன்று பக்கம் கையால் தைத்திருக்கிறது.

மல்லிகா அத்தை: அம்மாவின் தலையணை உறை! கடவுளே. பெரிதாக்கிக் காட்டு.

பெரியப்பா: கயல், அது கோதுமை மூட்டை. அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று எழுதியிருக்கும். உன் பாட்டி பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்தார். காலி மூட்டையைத் துவைத்து, வெயிலில் வெளுத்து, இலவம் பஞ்சு அடைத்துத் தலையணை ஆக்கினார். உன் தாத்தா இரவில் அதில் தலை வைத்துப் படுத்துத்தான் மாஸ்கோ புத்தகம் படித்தார்.

மல்லிகா அத்தை: எனக்கு அந்தக் கோதுமை ரவை உப்புமாவின் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. பால் பவுடரை உள்ளங்கையில் கொட்டி நக்குவோம், மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்பா: அந்தக் கோதுமையோடுதான் பார்த்தீனியம் வந்தது என்று சொல்வார்கள். நம் கொல்லையில் இன்றும் பிடுங்கித் தீரவில்லை.

அம்மா: கொல்லையைச் சனிக்கிழமைக்குள் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். பந்தி அங்கேதான்.

பெரியப்பா: கோதுமைக் கதையை முடித்துவிடுகிறேன். 1954இல் அமெரிக்கா பொதுச் சட்டம் 480 என்று ஒன்று போட்டது. அவர்களிடம் மிஞ்சிய தானியத்தை நட்பு நாடுகளுக்குக் கொடுப்பது, விலையை டாலரில் கேட்காமல் அந்த நாட்டுப் பணத்திலேயே வாங்கிக்கொள்வது. இந்தியா 1956இல் கையெழுத்திட்டது. 1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. கப்பல் வந்தால்தான் சோறு. வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. விவசாயக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடியும் இருந்தது. மொத்தமாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப விட்டார். பசித்தவனைக் காக்க வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனாலும் அந்தக் கோதுமை இல்லையென்றால் எத்தனை உயிர் போயிருக்குமோ. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கயல்: நாம் ரூபாயில் கொடுத்த பணத்தை அவர்கள் என்ன செய்தார்கள்?

பெரியப்பா: இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ரூபாய் இங்கேயே குவிந்தது. 1974இல் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதி இந்தியாவிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்கு முன்பே அந்தப் பணத்தில் ஒரு பங்குக்குப் புத்தகம் வாங்கினார்கள். 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழும் அதில் உண்டு. ரஷ்யா தமிழில் அச்சடித்து நமக்கு அனுப்பியது. அமெரிக்கா நாம் அச்சடித்த தமிழைக் கோதுமைப் பணத்தில் வாங்கிக் கப்பலில் ஏற்றியது. நம்மிடம் கரையான் தின்ற பல புத்தகங்கள் சிகாகோ நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன் ரவி, கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குப் போடாதே.

அப்பா: சரி அண்ணா. பேப்பர்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்கிறேன்.

பெரியப்பா: திங்கட்கிழமையும் வேண்டாம்.

இளங்கோ அண்ணன்: சின்னத் தாத்தாவுக்கு யார் சொன்னீர்கள்?

மல்லிகா அத்தை: இளங்கோ, அதை இங்கே பேச வேண்டாம்.

இளங்கோ அண்ணன்: ஏன் அத்தை? அறுபது வருடம் ஆயிற்று.

பெரியப்பா: பிள்ளைகளுக்குத் தெரியட்டும். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே கருத்து மோதல் வந்தது. 1962 அக்டோபரில் ஒருபுறம் கியூபாவில் ஏவுகணை நெருக்கடி, பதின்மூன்று நாள் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நாள்களிலேயே, 20ஆம் தேதி, சீனப் படை நம் எல்லையைத் தாண்டியது. அதற்குப் பிறகு இங்கே கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருந்த விரிசல் பெரிதாயிற்று. 1964இல் கட்சி இரண்டாக உடைந்தது. ஊரில் வலது, இடது என்று சொல்வார்கள். அப்பா வலதில் நின்றார். சித்தப்பா இடதில். அன்று நின்ற பேச்சுதான்.

அப்பா: தமிழரசியும் இந்தக் குழுவில் இருக்கிறாள் அண்ணா.

மல்லிகா அத்தை: அதைத்தான் சொன்னேன்.

தமிழரசி அத்தை: இருக்கிறேன். எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தமிழரசி அத்தை: அண்ணா, தவறாக நினைக்க வேண்டாம். சீனாவும் ரஷ்யாவும் காரணம் இல்லை. கட்சி உடைந்த அன்றுகூட இருவரும் ஒரே பெஞ்சில் டீ குடித்திருக்கிறார்கள். அந்த வருடக் கடைசியில் அப்பாவைப் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். உங்கள் அப்பா ஒரு முறைகூடப் பார்க்க வரவில்லை. அப்பா சொல்வது இது ஒன்றுதான்.

பெரியப்பா: வேலை போய்விடும் என்று பயந்தார் அம்மா. நான் கைக்குழந்தை. யாராவது எழுதிப் போட்டால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்தப் பயத்தை நினைத்து வெட்கப்பட்டார். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

தமிழரசி அத்தை: பெரியம்மா வந்தார். உங்களில் யாருக்காவது தெரியுமா? வள்ளலார் சபைக்குப் பூசம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறியிருக்கிறார். கயல் அனுப்பிய படத்தில் இருக்கும் உறை போலவே ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதே கைகுலுக்கும் முத்திரை. சிறையில் அப்பா தலைக்கு வைத்துக்கொண்டது. கிழிந்த பிறகும் யாரையும் தொட விட மாட்டார்.

மல்லிகா அத்தை: அம்மா எங்களிடம் சொல்லவே இல்லை.

பெரியப்பா: எனக்கும் தெரியாது.

அப்பா: இரண்டு உறை தைத்தது ஞாபகம் இருக்கிறது என்று அம்மா ஒரு முறை சொன்னாள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். கொடுத்துவிட்டேன் என்றாள். அவ்வளவுதான்.

இளங்கோ அண்ணன்: யாராவது நேரில் போய் அழையுங்கள்.

பெரியப்பா: நாளைக் காலை நானே வருகிறேன் தமிழரசி. சித்தப்பாவிடம் சொல்லி வை.

தமிழரசி அத்தை: உடனே சரி என்று சொல்ல மாட்டார் அண்ணா. முட்டி வலி வேறு. காரில் உட்கார்ந்தால் காலை நீட்ட முடியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

அம்மா: முன் இருக்கையைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அவருக்குச் சர்க்கரை உண்டா? பாயாசம் தனியாக எடுத்து வைக்கிறேன்.

தமிழரசி அத்தை: உண்டு. ஆனாலும் பாயாசம் குடிப்பார்.

சரவணன் மாமா: வந்தால் படத்தை அவரே திறக்கட்டும்.

மல்லிகா அத்தை: முதலில் வரட்டும்.

அப்பா: கட்சிக்காரர்களிடம் ஏற்கெனவே ஒருவர் பெயரைச் சொல்லியாயிற்று. பேசிப் பார்க்கிறேன்.

மல்லிகா அத்தை: கயல், அந்த உறையைத் துவைத்துவிடாதே.

கயல்: தொடவில்லை அத்தை. பாட்டி புடவையில் சுற்றி வைத்துவிட்டேன்.

தமிழரசி அத்தை: எல்லோரும் இருக்கிறீர்களா? அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். 1963இல் அண்ணனிடம் படிக்கக் கொடுத்த புத்தகம் அந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று. பச்சை அட்டையாம்.

கயல்: பச்சை அட்டையில் மூன்று இருக்கின்றன அத்தை. உள்ளே பெயர் எழுதியிருப்பாரா?

தமிழரசி அத்தை: பெயர் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. மூன்றையும் எடுத்து வை. அவரே பார்த்துச் சொல்லட்டும்.