புதுப்பிப்பு: அப்பாவின் பணிக்கொடை வட்டியுடன் வந்துவிட்டது

22 ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்து 2022-இல் ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, வழக்கறிஞர் நோட்டீஸை விட்டுவிட்டுத் தொழிலாளர் துறையில் பணிக்கொடைப் புகார்களை விசாரிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'N' படிவத்தில் மனுக் கொடுக்கச் சொன்ன நண்பரின் யோசனைதான். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ரூபாய். அதை 26-ஆல் (மாத வேலைநாட்கள்) வகுத்து, 15-ஆலும் (ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்) 22-ஆலும் (ஆண்டுகள்) பெருக்கினால் பணிக்கொடை 2,31,000 ரூபாய்.

விசாரணையில் நிர்வாகம் 14 ஆண்டுகள்தான் வேலை பார்த்தார் என்று சாதித்தது. பழைய வருங்கால வைப்புநிதிச் சீட்டுகள் அந்த வாயை அடைத்தன; அவற்றைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

நான் எதிர்பாராதது இது: மேல்முறையீடு செய்வோம் என்று மிரட்டியவர்கள், 1972 பணிக்கொடைச் சட்டப்படி முதலாளி முழுத்தொகையையும் முதலில் கட்டினால்தான் மேல்முறையீடே ஏற்கப்படும் என்றதும் அடங்கிவிட்டார்கள். தாமதத்துக்கு 10 சதவீதத் தனிவட்டியும் கிடைத்தது. தராமல் இருந்திருந்தால், நிலவரிப் பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலித்திருக்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் அந்த 1972 சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலில் இருப்பதால், புதிதாக மனுக் கொடுப்பவர்கள் படிவத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.