சோமா: கார்ல் வரை ஆடிவிட்டேன், சேஃப் மோடில் திரும்பத் தொடங்கலாமா?

மழைக்கால_இரவு:
ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடிக்கு வாங்கிக் கிடப்பில் போட்டிருந்த சோமா என்ற திகில் கேமை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். 2015இல் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்டது. அவர்களுடைய முந்தைய திகில் கேமான அம்னீஷியாவைப் பாதியில் விட்டவன் நான். இருட்டில் பதுங்கி உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவராது. இதைக் கதைக்காகத்தான் எடுத்தேன்.

ஆரம்பம் அருமை. டொரான்டோவில் ஒரு சாதாரண வீடு. கார் விபத்தில் மூளையில் அடிபட்ட சைமன், மருத்துவர் கொடுத்த திரவத்தைக் குடித்துவிட்டு, ரயிலேறி ஸ்கேன் எடுக்கப் போகிறான். நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் கருவியை இறக்குகிறார்கள். கண் விழித்தால் துருவும் ஈரமுமாக யாருமற்ற ஒரு நிலையம். எப்படி வந்தான் என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

அங்கேதான் கார்ல். தரையில் நொறுங்கிக் கிடக்கும் ஓர் இயந்திரம். குரல் மட்டும் அசல் மனிதக் குரல். அடிபட்டுக் கிடக்கிறேன், உதவி செய் என்கிறான். நீ ரோபோ என்று சைமன் சொன்னால் ஏற்கவே மாட்டேன் என்கிறான், தான் மனிதன்தான் என்று சாதிக்கிறான். நான் மேலே போக வேண்டுமென்றால் மின்சாரத்தைத் திருப்பி விட வேண்டும். ஒரு வழியில் கார்ல் அணைந்துவிடுவான். இன்னொரு வழியில் அணைய மாட்டான், ஆனால் மின்சாரம் பாய்ந்து அலறிக்கொண்டே கிடப்பான். நான் அணைத்தேன். அப்புறம் கேம் ஒன்றுமே சொல்லவில்லை. மதிப்பெண் இல்லை, திரை ஓரத்தில் ஒரு செய்திகூட இல்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்த மான்ஸ்டரும் என்னை இப்படிக் கலங்கடித்ததில்லை.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நான் எடுத்த முடிவு பின்னால் கதையை மாற்றுமா? அப்புறம், குழாய்க்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிக் கதை என் கையைவிட்டு நழுவுகிறது. மான்ஸ்டர்கள் கொல்லாத சேஃப் மோடில் முதலிலிருந்து தொடங்கினால் ஏதாவது இழப்பேனா? தயவுசெய்து ஸ்பாய்லர் வேண்டாம்.

ஆழ்கடல்_விளக்கு:
முதல் கேள்விக்குப் பதில்: மாற்றாது. யாரை அணைத்தாலும், யாரை விட்டுவைத்தாலும் கதை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். எனக்கு இந்தக் கேமில் ரொம்பப் பிடித்ததே அதுதான். பரிசும் தண்டனையும் இல்லாததால், கார்லுக்கு எது நியாயம் என்று மட்டும் யோசித்து முடிவெடுக்கிறோம். எந்த பட்டனை அழுத்தினால் நல்ல முடிவு கிடைக்கும் என்ற கணக்குக்கு இடமே இல்லை.

சேஃப் மோடு வெளியானபோது இல்லை. மான்ஸ்டர்கள் தாக்காமல் இருக்க ரசிகர் ஒருவர் கேமை மாற்றிச் செய்த மாட் ஒன்று முதலில் வந்தது. அப்புறம் 2017 டிசம்பரில், எக்ஸ்பாக்ஸில் கேம் இறங்கிய நேரத்தில், ஃப்ரிக்‌ஷனலே அதிகாரபூர்வமாகச் சேர்த்தார்கள். மான்ஸ்டர்கள் அங்கேயேதான் திரியும், உங்களைக் கொல்லாது, அவ்வளவுதான். கதைக்காக வந்தவர் தாராளமாகத் தொடங்கலாம்.

பாசக்காரன்_77:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பயம் இருந்தால்தான் அந்த நடைபாதைகளை மெதுவாகக் கடப்பீர்கள். மெதுவாகப் போனால்தான் சுவரில் முளைத்திருக்கும் அந்தக் கருப்புச் சதையும், பிணங்களைத் தொட்டால் கேட்கும் கடைசி நேரப் பேச்சுகளும் கவனத்துக்கு வரும். உடம்பு தேற, சுவரில் திறந்து மூடும் ஒன்றுக்குள் கையை விட வேண்டும் இல்லையா? துரத்தலில் அடிபட்டுத் தவிக்கும்போது வேறு வழியில்லாமல் கையை விடுவதற்கும், சும்மா விட்டுப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மான்ஸ்டரை நேராகப் பார்க்காதீர்கள். பார்த்தால் திரை கலங்கி ஒன்றும் தெரியாமல் போகும். தரையைப் பார்த்தபடி, காதை நம்பி நகருங்கள். இது பழகிவிட்டால் நார்மல் மோடே போதும்.

தேன்மொழி_ஆர்:
நானும் அக்காவும் சேஃப் மோடில்தான் முடித்தோம். பிணங்களின் பதிவு ஒன்றையும் விடவில்லை, அதனால் வேகமாக ஓடிவிடுவோம் என்ற பேச்சு எங்களுக்குப் பொருந்தாது. கார்ல் விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. வலித்தாலும் இருக்கட்டும், அவனைக் கேட்காமல் அணைக்க நாம் யார் என்றாள் அக்கா. அவள் சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

மழைக்கால_இரவு:
எல்லோருக்கும் நன்றி. உங்கள் அக்கா கேட்டதை நான் யோசிக்கவே இல்லை, தேன்மொழி. சரி, சேஃப் மோடில் தொடங்குகிறேன். தரையைப் பார்த்து நகரும் வித்தையையும் பழகிப் பார்க்கிறேன்.

பாசக்காரன்_77:
சப்டைட்டிலை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுகளில் பாதிப் பேச்சு இரைச்சலில் புதைந்துவிடும்.