ஏர் ஃபில்டர் கழுவி ஆயில் போட்டேன், இப்ப வண்டி இழுக்க மாட்டேங்குது, மஞ்ச லைட் வேற எரியுது, யாராச்சும் சொல்லுங்க அவசரம்

கரூர்_வண்டி:
வணக்கங்க. நேத்து ஏர் ஃபில்டர கழட்டி கழுவி ஆயில் போட்டு மாட்டுனேன், கழுவுற டைப்தான், சிவப்பு கலர்ல வரும்ல அது. நேத்து ஒண்ணும் தெரியல, இன்னைக்கு காலைல பைபாஸ்ல ஒரு லாரிய முந்தலாம்னு மிதிச்சா வண்டி திக்குது, பின்னாடி யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்கு, கொஞ்ச நேரத்துல செக் இன்ஜின் லைட்டும் வந்துருச்சு. நாளைக்கு குடும்பத்தோட பழனி போகணுங்க. இன்ஜின் போயிருச்சா? ஓட்டலாமா?

ஸ்பேனர்14:
என்ன வண்டி, பெட்ரோலா டீசலா, எந்த வருஷம்? லைட் நின்னு எரியுதா மினுக்குதா? மினுக்குனா உடனே ஓரங்கட்டிருங்க, மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு போகுதுன்னு அர்த்தம், அது வெந்து போச்சுன்னா செலவு பெருசு. நின்னு எரிஞ்சா மெதுவா ஓட்டி வீடு போய் சேரலாம்.

மதுர_மைனர்:
ஃபில்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருது, அது தண்ணிய இழுக்கும். பழைய வண்டியா இருந்தா பெட்ரோல் லைன பாருங்க. கடைசியா எங்க டேங்க் ஃபுல் பண்ணீங்க?

பழைய_பிஸ்டன்:
இத எத்தன தடவதான் எழுதுறது. ஆயில் டப்பா பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிக்காம வேலைய ஆரம்பிச்சிட்டு அப்புறம் "அவசரம்"னு வந்து நிக்கிறீங்க தம்பி. எந்த ஆயில், எவ்வளவு, எத்தன மணி நேரம் காய வெச்சீங்க? இந்த மூணும் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

கரூர்_வண்டி:
டொயோட்டா ஆல்டிஸ் கார், பெட்ரோலுங்க. லைட் நின்னுதான் எரியுது.

ஸ்பேனர்14:
சரி, 1.8 லிட்டர் இன்ஜின்தான? ஆயில் கேள்விக்கு பதில் இன்னும் வரல பாருங்க. இன்ஜின் ஆயிலா, ஃபில்டருக்குன்னு வர்ற ஆயிலா?

கரூர்_வண்டி:
ஆமாங்க 1.8, 2010 மாடல். கிட்டுல வந்த சிவப்பு ஆயில்தாங்க. நான் டெய்லி க.பரமத்தி பக்கம் போய்ட்டு வரேன், கல்குவாரி லாரி ஓடுற ரோடு, கண்ணாடிய தொறந்தா பல்லுல மணல் நறநறங்கும். தூசி உள்ள போகக்கூடாதுன்னு ஆயில் கொஞ்சம் தாராளமாவே ஊத்துனேன், பாதி பாட்டில் இருக்கும், ரெண்டு பக்கமும். வெயில்ல ஒரு மணி நேரம் காய வெச்சு, ஈரம் இருந்த மாதிரி தெரிஞ்சதால கம்ப்ரசர் காத்துல அடிச்சுட்டுதான் ஆயில் போட்டேன். போட்டதும் மாட்டிட்டேன். இப்ப மெக்கானிக் ஸ்கேன் பண்ணி பி 0171ன்னு ஒரு கோட் வருது, ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்ங்கறார்.

கோவை_கல்பனா:
ஆக்சிஜன் சென்சார மாத்தாதீங்கண்ணா, அது உண்மையத்தான் சொல்லுது. ஏன்னா கணக்கு இப்படி. உங்க வண்டில ஏர் பாக்ஸ், அதாவது ஃபில்டர் இருக்கிற பெட்டி, அதோட மூடியிலயே, ஃபில்டர தாண்டின உடனே காத்த அளக்குற மாஃப் சென்சார் இருக்கு. அதுக்குள்ள முடி மாதிரி ஒரு கம்பி சூடாவே இருக்கும், காத்து வர வர அத குளிர வைக்கும், அந்த சூட்ட விடாம வெச்சிருக்க எவ்வளவு கரண்ட் தேவப்படுதோ அத வெச்சுதான் எவ்வளவு காத்து வருதுன்னு கம்ப்யூட்டர் கணக்கு போடுது. ஊத்துன ஆயில் அதிகமானா காத்தோட கிளம்பி அந்த கம்பில போய் படியும், அதுமேல தூசி ஒட்டும், கம்பிக்கு போர்வை போத்துன மாதிரி ஆயிரும். நிறைய காத்து போனாலும் கம்மியாதான் போகுதுன்னு சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோல கம்மி பண்ணும். அந்தப் பக்கம் புகைல எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுதுன்னு பாக்குற ஆக்சிஜன் சென்சார் "காத்து மிஞ்சுது, பெட்ரோல் பத்தல"ன்னு கத்தும். கம்ப்யூட்டர் கூட்டிக் கூட்டிப் பாத்து எல்லைய தொட்டதும் 0171 போட்டு லைட்ட எரிய விடுது. மிதிச்சா திக்குறது இதனாலதான்.

இப்ப ஒண்ணு பண்ணுங்க. மூடிய தொறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜின் பக்கம் இருக்கிற உள்சுவர்ல விரல வெச்சு தேச்சுப் பாருங்க. சுத்தமா, காஞ்சு இருக்கணும். விரல் செவந்து வழுவழுன்னு வந்தா சந்தேகமே வேண்டாம்.

மதுர_மைனர்:
அக்கா சொல்றது சரிதான், ஆனா பெட்ரோல்ல தண்ணி இருந்தாலும் இதே மாதிரிதான் திக்கும், அதையும் பாக்கட்டும்.

பழைய_பிஸ்டன்:
ஏர் பாக்ஸ்ல இருந்து இன்ஜினுக்கு போற ஹோஸோட கிளாம்ப்பையும் பாருங்க. இதுல நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. மூடி கிளிப் சரியா விழலன்னா அந்த இடுக்குல போற காத்து ஃபில்டர ஏமாத்திட்டு போகும், ஆனா சென்சார தாண்டித்தான போகணும், அதனால கணக்குல வந்துரும், லைட் எரியாது, இன்ஜினுக்குள்ள தூசிதான் போகும். சென்சாருக்கு அப்புறம் இருக்கிற ஹோஸ் லூஸா இருந்தாதான் கணக்குல வராத காத்து போய் 0171 வரும்.

ஷார்ஜா_மணி:
இதுக்குத்தான் நான் பேப்பர் ஃபில்டருக்கே திரும்பிட்டேன். இங்க மணல் காத்து, இந்த கழுவுற காட்டன் ஃபில்டர் மூணு வருஷம் வெச்சிருந்தேன், ஹோஸ் உள்ள விரல வெச்சா பவுடர் மாதிரி வரும். பேப்பர வாங்குனோமா போட்டோமான்னு இருக்கணும்.

பழைய_பிஸ்டன்:
அது ஃபில்டர் தப்பில்ல. கழுவுன விதம் தப்பு. நான் இருபது வருஷமா காட்டன்தான் போடுறேன், விரல்ல ஒண்ணும் வராது.

ஷார்ஜா_மணி:
உங்க ஊரு ரோடு வேற எங்க ஊரு ரோடு வேற சார். மணல் வந்துச்சுன்னு நான் கண்ணால பாத்தேன், கழுவத் தெரியலன்னு சொன்னா எப்படி.

ஸ்பேனர்14:
ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு சொல்றேன். ஃபில்டர் சோதனைக்குன்னே ஐஎஸ்ஓ 5011னு ஒரு தரம் இருக்கு, அளந்த தூசிய விட்டு எவ்வளவு புடிக்குது எவ்வளவு தாண்டுதுன்னு பாப்பாங்க. அதுல பேப்பரோ காட்டனோ, புதுசா சுத்தமா இருக்கும்போதுதான் அதிக தூசிய விடும், மேல கொஞ்சம் படிய படிய இன்னும் நல்லா புடிக்கும். அதனால தூசி ஊருன்னு மாசா மாசம் கழுவுறவங்கதான் இன்ஜினுக்கு நிறைய மண்ண ஊட்டுறாங்க. கரூர் அண்ணா, நீங்க எப்பெப்ப கழுவுறீங்க?

பழைய_பிஸ்டன்:
முதல்ல கம்ப்ரசர சொல்லுங்க, அதுதான் பெரிய கொலை. நாலஞ்சு அடுக்கு பஞ்சுத் துணி, ரெண்டு பக்கம் அலுமினிய வலை, அதுல ஏர் கன்ன வெச்சா நூல் விலகிரும், அப்புறம் கடல் மாதிரி ஆயில் ஊத்துனாலும் ஓட்டை ஓட்டைதான். டார்ச்ச உள்ள வெச்சுப் பாருங்க, ஒரு இடம் மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சா குப்பைல போட்டுருங்க.

ஷார்ஜா_மணி:
காட்டன்ல எப்பவுமே ஊசி ஊசியா வெளிச்சம் தெரியும் சார், அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

பழைய_பிஸ்டன்:
ஊசிக்கும் ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா.

கோவை_கல்பனா:
அண்ணா ரெண்டு பேரும் கொஞ்சம் விடுங்க, அவருக்கு நாளைக்கு பழனி போகணும்.

கரூர்_வண்டிண்ணா, இன்ஜின் ஆறுனதுக்கு அப்புறம் சென்சார் ப்ளக்க புடுங்கி, ரெண்டு சின்ன ஸ்டார் ஸ்க்ரூவ கழட்டுனா கைல வந்துரும். மாஃப் கிளீனர்னே ஒரு ஸ்ப்ரே விக்கிது, அத மட்டும்தான் அடிக்கணும். கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர் எல்லாம் வேண்டாம். பட்ஸ், துணி, விரல் எதுவும் அந்த கம்பில படக்கூடாது, ஒடிஞ்சா சென்சாரே புதுசுதான். பத்து பதினஞ்சு தடவ அடிச்சு, அரை மணி நேரமாச்சும் தானா காய விட்டு மாட்டி, ஸ்கேனர்ல கோட அழிக்க சொல்லுங்க.

அந்த ஃபில்டர இன்னைக்கு மாட்டாதீங்க, பேப்பர் ஒண்ணு வாங்கி போட்டு போங்க. வந்து நிதானமா பண்ணலாம். ஃபில்டருக்குன்னு வர்ற கிளீனர ஃபில்டர்ல அடிச்சு பத்து நிமிஷம் ஊற விடுங்க, அதுக்கு மேல விட்டா காஞ்சு ஒட்டிக்கும். குழாய மெதுவா தொறந்து சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்கு பக்கம் பாத்து தண்ணி விடணும், எதிர்ப்பக்கம் விட்டா மண்ண உள்ள தள்ளுறீங்க. நிழல்ல ஒரு ராத்திரி முழுக்க காயட்டும். ஈரம் இருக்கிற இடத்துல ஆயில் ஏறாது, அதனாலதான் உங்களுக்கு பத்தல பத்தலன்னு தோணிருக்கும். அப்புறம் ஒவ்வொரு மடிப்புக்கும் மெல்லிசா ஒரு கோடு மாதிரி ஆயில், அவ்வளவுதான். இருபது நிமிஷம் விட்டா பஞ்சு தானா இழுத்து பரவும். வெளுத்துத் தெரியிற இடத்துல மட்டும் இன்னொரு சொட்டு. கைல எடுத்தா சொட்டக்கூடாது.

மதுர_மைனர்:
பெட்ரோல் பங்க் பேர் இன்னும் சொல்லலையேண்ணே.

ஸ்பேனர்14:
என்னாச்சுங்க? விரல்ல ஆயில் வந்துச்சா?

கரூர்_வண்டி:
மன்னிக்கணும், பழனி போய்ட்டு நேத்து ராத்திரிதான் வந்தோம். விரல் வெச்ச உடனே ரத்தம் மாதிரி சிவப்பா ஒட்டுச்சுங்க, சென்சார் கம்பில சாம்பல் கலர்ல பிசுபிசுன்னு இருந்துச்சு. ஸ்ப்ரே அடிச்சு பேப்பர் ஃபில்டர் போட்டு கோட் அழிச்சாச்சு, லைட் வரல, இழுவை பழையபடி வந்துருச்சு. ஆக்சிஜன் சென்சார் மாத்தல. கல்பனா மேடம், எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

பழைய_பிஸ்டன்:
நல்லது. டார்ச் வெச்சுப் பாத்தீங்களா, ஓட்டை இருந்துச்சா?

ஷார்ஜா_மணி:
பேப்பரையே வெச்சுக்குங்க தம்பி.

பழைய_பிஸ்டன்:
தம்பி, டார்ச்?