நொட்டேஷன் அடிக்க எடிட்டரா, மவுஸா?

செக்காலைக்காரன்:
தேவகோட்டையில் ஒரு பாடகர் குழுவுக்கு நாலு குரலுக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) அடித்துக் கொடுக்கிறேன். மியூஸ்ஸ்கோர் என்ற இசைத்தாள் மென்பொருளில் மவுஸை இழுத்து இழுத்து மணிக்கட்டு வலிதான் மிச்சம். இப்போது விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில், எழுத்தை இசைத்தாளாக மாற்றும் லிலிபாண்டு மென்பொருளுக்கு எழுதுகிறேன். 'சி4 டி ஈ எஃப்' என்று அடித்தால் நாலு கிராச்செட், அதாவது கால் நோட். 4-ஐ ஒருமுறை சொன்னால் போதும், மாற்றும்வரை அதே நீளம்தான். இன்னும் மவுஸைக் கட்டி அழுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கண்டனூரான்:
பாவப்பட வேண்டாம் அண்ணே. மியூஸ்ஸ்கோரிலும் 5 அடித்தால் கிராச்செட், அப்புறம் எழுத்தை அடித்தால் நோட் விழும், மவுஸே வேண்டாம். நீங்கள் ஷார்ட்கட் படிக்காததற்கு அது என்ன செய்யும்? அடித்த உடனே காதிலும் கேட்கிறது. நானும் லிலிபாண்டில் ஒரு மாசம் மல்லுக்கட்டினேன். முந்தின நோட்டை வைத்தே அடுத்த நோட்டின் உயரத்தைக் கணக்கிடும் ரிலேட்டிவ் முறையில், பத்தாவது பாரில் (தாளக் கட்டத்தில்) ஸ்தாயியை ஏற்றும் ஒரு மேற்குறி விட்டுப்போய், அங்கிருந்து கடைசிவரை ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) முழுக்க ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி கீழே! ஒத்திகையில் தாளைப் பார்த்துப் பாடிய அக்காமாருக்குக் குரலே வரவில்லை, என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

செக்காலைக்காரன்:
சரி தம்பி, ரிலேட்டிவை விட்டுவிட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் ஸ்தாயியைத் தனியே குறிக்கும் ஆப்சொல்யூட்டில் எழுது, ஒரு நோட் தப்பினால் அது ஒன்றோடு போகும். பார் முடிவில் ஒரு நெட்டைக்கோடு போட்டால், கணக்கு உதைக்கும்போது வரி எண்ணோடு எச்சரிக்கும். நான் சொல்ல வந்தது வேறு. 22 பாட்டு, 22 கோப்பு. தாள் அளவை ஏ4 ஆக்கச் சொன்னார் பாடகர் குழு மாஸ்டர். ஒரே தேடு-மாற்று கட்டளை, டீ ஆறுவதற்குள் முடிந்தது. நீ 22 தடவை திறந்து மூடு.

வீணைஆச்சி:
தம்பிகளா, நான் வீணைக்கு வெறும் நோட்பேடில் ச ரி க ம எழுதுகிறேன். ஆதி தாளம், 4+2+2 என்று கோடு போட்டால் வேலை முடிந்தது. ஒரே தொல்லை, மேல் ஸ்தாயிக்கு 'ச' மேலே புள்ளி வைத்தால் அது 'ச்' ஆகிவிடுகிறது.

கண்டனூரான்:
ஆச்சி, அது இரண்டு கட்சிக்கும் பொதுவான தலைவலி! அண்ணே, 22 கோப்பு விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நீங்கள் ஊரில் இல்லையென்றால் லிலிபாண்டின் அந்தப் பின்சாய்வுக் கோட்டுக் காட்டுக்குள் யார் கை விடுவார்? மாஸ்டரா?

செக்காலைக்காரன்:
போன வருஷம் அதுதான் நடந்தது. பஸ்ஸில் இருந்தபடி மாஸ்டர் மகளிடம் போனில் சொன்னேன்: "41-ஆம் வரி, மூன்றாவது சி-யை டி ஆக்கு, சேமி, லிலிபாண்டை ஓட்டு." தாள் வந்துவிட்டது.

கண்டனூரான்:
அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.